வரிக்கு ஒரு சுற்று

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை ஆலயத்தில் எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. பாடகர் குழுவின் கடைசி வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்றவர். "கொஞ்சம் அடக்கி வாசிய்யா" என்று குழுத் தலைவர் சொல்லாத ஞாயிறு இல்லை. அந்தத் தலைவரே, "வர்ற வாரம் அந்த நீளமான சங்கீதத்தை நீதான் எடுத்துக் கொடுக்கணும்" என்றபோது, "அடக்கியா, அடக்காமலா?" என்று கேட்டார் இடி.

பைபிளில் உள்ள பாட்டு அது, மொத்தம் இருபத்தாறு வரி; வானம், சூரியன், நிலா எனக் கடவுள் படைத்தவை வரிசையாக வரும். முன்னால் நிற்பவர் ஒவ்வொரு வரியாகப் பாட, கடவுளின் அன்புக்கு முடிவே இல்லை என்று சபை ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பாடும். வீட்டில் வாரம் முழுக்கப் பயிற்சி. பதில் பாடிப் பாடி அலுத்த மனைவி, "அன்புக்கு முடிவில்ல சரி, எனக்கு முடிவு வந்துடும் போலிருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையோடு ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் வந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் பல் மருத்துவர்.

"இன்னிக்கு ஒரு நாள் வேற யாரையாவது அனுப்புங்களேன்" என்றாள் மனைவி.

"லிஃப்டுக்குள்ள ஒட்டியிருக்கறது என் நம்பர். எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்னு நானே எழுதினது. நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் மாறக்கூடாதுன்னு இன்னொரு சங்கீதம் சொல்லுதே, அதை யாரு பாடறது?"

"பாடுங்க. திட்டு வாங்க நான் முன்னாடி போறேன்" என்று அவள் ஆலயத்துக்கு நடந்தாள்.

மொட்டைமாடி இயந்திர அறையில் முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு இடது கையில் பிரேக் நெம்புகோல், வலது கையில் சக்கரம். கயிற்றில் பூசிய மஞ்சள் கோடு நேராக வந்தால் லிஃப்ட் மாடிக்கு நேராக வந்துவிட்டது என்று அர்த்தம். கயிறு இறங்கும் துளை வழியாகக் குரல் வந்தது.

"யாருப்பா அது? மூச்சு முட்டுது!"

"காத்து நல்லா வரும்மா. கையால சுத்தித்தான் எடுக்கணும். கொஞ்சம் அசையும், நிக்கும். மறுபடி அசையும்."

"நிக்கறப்பல்லாம் உயிர் போயிடுமே!"

இடி யோசித்தார். "நான் ஒரு வரி பாடறேன், அசையும். நீங்க பதில் பாடுங்க, அப்ப நிக்கும். நிறுத்தறது நீங்கதான், பயமில்ல."

"நான் கோயில் பக்கமே போறதில்லப்பா."

"கோயில் வரலம்மா. மூணாவது மாடிதான் வருது."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பதிலை ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு இடி தொடங்கினார். வரிக்கு ஒரு சுற்று, பதிலுக்கு பிரேக். வானத்தைப் பாடியபோது நடுங்கிய பதில் சூரியனுக்கு வரும்போது தெளிந்துவிட்டது. மூன்றாவது மாடியில் நின்ற காவலாளியும் சேர்ந்துகொண்டார். யாரும் இடியை அடக்கி வாசிக்கச் சொல்லவில்லை. அடக்கி வாசித்தால் கீழே கேட்காதே! ஒன்பதாவது வரியில், நிலாவோடு மஞ்சள் கோடும் வந்தது.

இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் அந்த அம்மா.

"இன்னும் பதினேழு வரி இருக்கும்மா."

"அப்ப திரும்ப உள்ள போகவா?"

பழுதைப் பார்க்க மதியம் வருவதாக அட்டை எழுதி மாட்டிவிட்டு ஆலயம் போனால், எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சங்கீதத்தைத் தலைவரே பாடி முடித்திருந்தார். இடியின் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது.

"உன் பாட்டு போச்சேய்யா."

"ஒன்பது வரி பாடிட்டேன்ணே. மிச்சம் கைவசம் இருக்கு."

மிச்சத்தை வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் பாடினார். சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி முழுக் குரலில் பதில் பாடினாள்.