சுவர் தாண்டி வந்த திருகாணி

சேதி தொலைபேசியில் வந்தது. அப்போது என் கையில் ஒரு தேக்கரண்டி இருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் மகன் சேகர் ஜொகூரிலிருந்து பேசினார். "பாய், அம்மா தவறிட்டாங்க. நேத்து மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல. இன்னிக்கே எடுத்துருவோம். நீங்க அலைய வேணாம், ரொம்ப தூரம்." ஆகட்டும்பா என்றேன். யா அல்லாஹ் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கரண்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

காலை நேரத்தில் ஒரு கிழவன் கரண்டியும் கையுமாக ஏன் நின்றான் என்று சொன்னால்தான் பச்சையம்மாவைப் பற்றிச் சொன்னதாகும். நம் ஜெலாப்பாங் தாமான் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ட்ரில் சத்தம் கேட்டதும் "ஆரம்பிச்சிருச்சுப்பா அம்மா" என்று நீங்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே எழுத வேண்டியவனும் நான்தான்.

அவர் குடிவந்த புதிது. நான் பால் சேர்க்காத தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுவர் அதிர்ந்தது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி சுவரோடு சேர்ந்து நடுங்கியது. பிறகு அதன் நடுவில் வீக்கம் மாதிரி எதுவோ எழும்பியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தைக் கிழித்துக்கொண்டு ட்ரில் முனை என் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்தது, சுற்றிக்கொண்டே திரும்பிப் போனது. சுண்ணாம்பும் செங்கல் தூளும் என் தே ஓவில் விழுந்தன. நான் போட்ட கூச்சல் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய் அவர் வீட்டுக் கேட்டைப் பிடித்து ஆட்டினேன்.

"என்னம்மா இது, என் வீட்டுக்குள்ள ஆணி வருது!"

தலையில் துண்டும் முகமெல்லாம் தூசியுமாக வந்து நின்றார். "ஆணி இல்ல பாய், ஸ்க்ரூ" என்றார்.

நான் கேட்டை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே ட்ரில்லை எடுத்துவிட்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டிருந்தார். செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் நேராகவே பிடித்துக்கொள்ளும் தடித்த ஸ்க்ரூ. கடையில் இருந்ததிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். "நீளமா இருந்தா நல்லாப் பிடிக்கும்னு நெனச்சேன் லா. இந்த வீட்டுச் சொவரு இவ்வளோ மெலிசா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" கழற்றுங்கள் என்றேன். அதில் நிற்பது சாமி வைக்கும் பலகை, சாமித் தட்டாம், இன்றைக்கு வெள்ளிக்கிழமையாம், கழற்ற மாட்டாராம். "கழட்டுனா ரெண்டு பக்கமும் ஓட்டை பாய். நான் இங்க கொட்டாவி விட்டா உங்களுக்குக் கேக்கும். பரவாயில்லியா?" தட்டின் மற்ற ஸ்க்ரூக்களுக்குக் குட்டையானவற்றை வாங்கி வந்தார். அந்த ஒன்று மட்டும் அப்படியே நின்றது. கூராக நீட்டிக்கொண்டிருந்த முனையை என்ன செய்வதென்று தெரியாமல், கிழிந்த நாள்காட்டியை அதிலேயே மாட்டினேன்.

ஏன் இப்படிச் சுவரைப் போட்டுத் துளைக்கிறீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டத்தை விற்றதும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. "எந்த வீட்டுக்குப் போனாலும் மொதப் பேச்சே இதான் பாய், சொவத்துல ஓட்ட போடக் கூடாது. என் கல்யாணப் படத்த காலம்பூரா அலமாரி மேல சாத்தியே வெச்சிருந்தேன். மனுசன் போயே போய்ட்டாரு, படம் இன்னும் சாஞ்சுக்கிட்டு நிக்குது." வேலையிலிருந்து நின்று, சேமித்ததைப் போட்டு, தன் பேரில் இந்த வீட்டை வாங்கினார். புது வீட்டுக்கென்று அவர் முதலில் வாங்கிய சாமான் அடுப்பு இல்லை, ட்ரில்.

அவரைப் பெரிய கைவேலைக்காரர் என்று நான் எழுதப் போவதில்லை. மாட்டியதில் பாதி கோணல். ஒருநாள் தட்டு வைக்கும் இரும்புச் சட்டம் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. நான் பதறி ஓடினால், மங்குப் பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார். "கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்க கலவைல போட்டுட்டேன் பாய். அது எங்க பிடிக்கும்!" சட்டத்தை ஒரு சாண் தள்ளி, செங்கல் பார்த்து மறுபடி மாட்டினார். அதுவும் கோணல்தான், ஆனால் விழவில்லை.

எனக்கு ஒரு பயம் உண்டு. மகளிடம்கூடச் சொன்னதில்லை. மனைவி போன பிறகு வந்த பயம் அது. சாவதைப் பற்றியது அல்ல. செத்தது யாருக்கும் தெரியாமல் கிடப்பதைப் பற்றியது. ஈப்போ டவுனில் பத்திரிகைக் கடை நடத்திய காலத்தில் காலையிலிருந்து இருட்டும்வரை மனிதர் முகமாகப் பார்த்தவன் நான். கடையை மூடிய பிறகு, யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும் நாட்கள் வந்தன. அப்படியிருக்கையில் ஒருமுறை காய்ச்சலில் விழுந்தேன். எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியவில்லை. கைப்பேசி சார்ஜ் இல்லாமல் எங்கேயோ கிடந்தது. அவ்வளவுதான், இப்படியே போக வேண்டியதுதான் என்று படுத்திருந்தேன். அப்போது சுவரில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. மறுபடியும் 'டிங்'. என் வானொலிச் சத்தம் கேட்கவில்லையே என்று அவருக்குச் சந்தேகம் தட்டி, சாமித் தட்டுக்கடியில் இருக்கும் அந்த ஸ்க்ரூவின் தலையைக் கரண்டியால் தட்டிப் பார்த்திருக்கிறார். இரும்பு நேராக இந்தப் பக்கம் வருகிறது அல்லவா, மணி அடித்ததுபோலக் கேட்டது. நான் தவழ்ந்து போய், தேக்கரண்டியால் முனையைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பின்கதவு உடைகிற மாதிரி தட்டப்பட்டது. உடைக்கத்தான் செய்தார். கஞ்சி கொடுத்தார், மகளுக்குப் போன் போட்டார், என் பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் மாட்டினார். கோணலாக.

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. நான் விடிகாலை சுபுஹு தொழுது முடிக்கும் நேரமும் அவர் விளக்கேற்றும் நேரமும் ஒன்றுதான். அவர் தட்டுவார், நான் தட்டுவேன். அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. "பெரட்டுக்கு வரலேன்னா கங்காணி லயத்துக்கே வந்துருவான் பாய். எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும், நிம்மதியா சாகக்கூட விட மாட்டானுங்கன்னு. இப்ப பாருங்க, பேர் கூப்பிட ஆள் இல்லையேன்னு நானே ஸ்க்ரூவத் தட்டுறேன்."

இதெல்லாம் ஊர் வாயில் விழாமல் இருக்குமா? தேநீர்க் கடையில் ஒருவர், "என்னா பாய், காலங்காத்தால சிக்னல் எல்லாம் போவுதாமே" என்று கண்ணடித்தார். யாரென்று அவருக்குத் தெரியும், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார். நான் முகம் சுண்டி வந்து பச்சையம்மாவிடம் சொன்னேன். "சொல்லட்டும் லா. நாளைக்கு அவன் கக்கூசுல விழுந்து கெடந்தா அவன் சொவத்த யாரு தட்டுவா?" என்றார். சொன்னதோடு நிற்காமல், கக்கூசு என்றதும் நினைவு வந்தவராக, என் குளியலறையில் ஒரு பிடிகம்பி வைத்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

டைல்ஸ் உடையாமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டி, மெதுவாகத் தொடங்கினார். எவ்வளவு ஆழம் போக வேண்டுமென்று ட்ரில் முனையிலும் ஒரு டேப் சுற்றியிருந்தார். வியாழக்கிழமையைக் கிழித்த பிறகு வந்த புத்தி அது. ஓட்டையில் இருக்கும் தூளை வாயால் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோனார். "உள்ள தூசி இருந்தா ஸ்க்ரூ பொய்யாப் பிடிக்கும் பாய்." என் பழைய சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் பொதுச் சாமான். முடுக்கும்போது ஒன்று சொன்னார்: "கடைசியா இன்னும் ஒரு திருப்பு திருப்பலாம்னு ஆசையா இருக்கும். திருப்பக் கூடாது. கல்லு நொறுங்கிட்டா அப்புறம் ஸ்க்ரூ சும்மா சுத்தும்." இதில் தத்துவம் தேட வேண்டாம், அவர் செங்கல்லைப் பற்றித்தான் சொன்னார். முடிந்ததும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். "என்னையே தாங்குது, உங்களத் தாங்காதா? காஞ்ச கருவாடு நீங்க." நான் வீட்டுக்குள் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

முட்டிவலி அதிகமானதும் சேகர் வந்து அவரை ஜொகூருக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாள்தான், வந்திடுவேன் என்று சாமித் தட்டைக்கூட எடுக்கவில்லை. காரில் ஏறுமுன் கேட்டருகே வந்தார்.

"காலைல தட்டுங்க பாய். நான் இல்லேன்னாலும் தட்டுங்க. பழக்கம் விட்டுப் போச்சுன்னா அப்புறம் வராது."

"கேக்குறதுக்கு யாரு இருக்கா?"

"அந்தப் பக்கம் சாமி இருக்குல."

"உங்க சாமி என் பேரை எழுதுமா?"

"பெரட்டுல நீ என்னா சாமி கும்பிடுறேன்னு கேட்டா எழுதுனாங்க? வந்தியா, வந்துட்ட. அவ்வளவுதான்."

அதனால்தான் தட்டிக்கொண்டிருந்தேன். பதில் வராத சுவரைத் தினமும் தட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கேவலமாக இருக்கும். ஒருநாள் தட்டாமல் விட்டுப் பார்த்தேன், அது அதைவிடக் கேவலமாக இருந்தது. ஒருநாள் அப்படித் தட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் சேகரின் அழைப்பு வந்தது.

காரியமெல்லாம் முடிந்து சேகர் வீட்டைக் காலி செய்ய வந்தார். வீடு விலை பேசியாகிவிட்டது. என்னிடம் தே குடித்துவிட்டுப் போய்ச் சுவரில் மாட்டிய சாமான்களைக் கழற்றி இறக்க ஆரம்பித்தார். ஸ்க்ரூவைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. தம்பி, அதைத் தொடாதே, அதில்தான் உன் அம்மா எனக்குப் பேர் கூப்பிடுவார் என்று எப்படிச் சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள்காட்டி லேசாக ஆடியது. முனை சுற்றியது. சுற்றிச் சுற்றி உள்ளே போனது. நாள்காட்டி நழுவி என் காலடியில் விழுந்தது. அந்த ஓட்டையில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. ஜொகூருக்குப் போய் அழாத அழுகையை அப்போது அழுதேன்.

"அலாமாக்! பாய், இது அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கு, தெரியுமா உங்களுக்கு?" ஓட்டை வழியாகவே சேகரின் குரல் வந்தது.

"தெரியும்பா."

"சிமெண்ட் வெச்சு அடைச்சுத் தரேன்."

"வேணாம்பா. அந்த ஸ்க்ரூவ மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போ."

கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பச்சையம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பிடிகம்பி, ஒரு கோணல் தாழ்ப்பாள், இந்த ஒரு ஸ்க்ரூ. மறுநாள் சைக்கிள் பம்பால் ஓட்டையின் தூசியை ஊதினேன். ஸ்பானரைப் பிடித்து, இம்முறை என் பக்கத்திலிருந்து, அதே ஸ்க்ரூவை அதே ஓட்டையில் முடுக்கினேன். பழைய ஓட்டை, கொஞ்சம் தளர்வுதான். கடைசித் திருப்பைத் திருப்பவில்லை. தலை இப்போது என் வீட்டில் இருக்கிறது. முனை அந்தக் காலி வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. குட்டை ஸ்க்ரூ வாங்கியிருக்கலாம். வேண்டுமென்றேதான் வாங்கவில்லை.

யாரோ இளம் தம்பதி குடிவரப் போவதாகக் கேள்வி. சுவருக்குச் சாயம் பூச வருவார்கள், பார்ப்பார்கள். கோபம் வரும், வரட்டும். என் கேட்டைப் பிடித்து ஆட்டி, "என்னா பாய் இது, எங்க வீட்டுக்குள்ள ஆணி வருது!" என்று கத்துவார்கள். காலையில் தட்டிவிட்டு, கேட் பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆணி இல்லீங்க, ஸ்க்ரூ என்று சொல்வதற்கு.