மெக்சிகோவுக்கு ஒரு ரைஸ் குக்கர்

என் மனைவி ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். லீவைச் சேர்த்துவைத்து, மெக்சிகோவில் ஒரு சின்னக் கடற்கரை ஊரை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அலைச்சறுக்குக்காரர்கள் வந்து தங்கும், அவசரமே இல்லாத ஊர். கடலைப் பார்த்த ஒரே ஒரு அறை, வாசலில் வலை ஊஞ்சல்.

"கிச்சன் இல்லாத ரூமாப் பாத்து எடுத்திருக்கேன்" என்று சிரித்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த ஞாயிறு ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கும்போது ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்போ நாங்களும் வர்றோம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு எங்கே வாய் வரும்? இன்னும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்தன. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். அந்த அறையை விட்டுவிட்டு, பெரிய சமையலறையுள்ள வீடாகப் பார்த்தேன்.

ஒருநாள் நண்பரின் மனைவி குழுவில் கேட்டிருந்தார்: "அக்கா, ரைஸ் குக்கர் நீங்க எடுத்துட்டு வர்றீங்களா?"

மனைவி அதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். "நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் லீவை கேன்சல் பண்ணிடறேன்."

கோபம் தணியும் என்று காத்திருந்தேன். அவள் மறுநாளே லீவு வேண்டாம் என்று வேலையிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பயணம் அதோடு நின்றது.

இப்போதெல்லாம் சனி, ஞாயிறு சமையல் என்னுடையது. லீவுக்கு எங்கே என்று யார் கேட்டாலும் அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். கேட்கவும் செய்கிறேன். "பாக்கலாம்" என்கிறாள். அந்த ஊரின் பெயரை அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை.