குறுக்கே கோத்த கைகள்

இன்னிக்குச் செவிலிமேடு பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா போன்ல செய்தி பாத்துக்கினு வந்தாங்க. பர்மாவுல ராணுவம் ஒரு ஊரைக் கொளுத்துது. அடுத்த காட்சியில, பக்கத்து நாட்டுத் தலைவருங்க மாநாட்டு மேடையில வரிசையா நின்னு, கைகளைக் குறுக்கே போட்டு, ரெண்டு பக்கத்து ஆளுங்க கையையும் கோத்துப் பிடிச்சுச் சிரிக்கிறாங்க.

"இவங்க எதுவும் கேக்க மாட்டாங்களாம்மா?"ன்னேன்.

"அது அவங்க உள்நாட்டு விஷயம்மா. மத்தவங்க எப்படித் தலையிடுறது?"

இதே பேச்சை நான் சின்ன வயசுலயே கேட்டிருக்கேன்.

அறுபதுகள்ல ரங்கூன்ல எங்கப்பா கடையை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. எங்களைக் கப்பல் ஏத்துனாங்க. எனக்கு ஒன்பது வயசு. பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும், "அரசாங்க விஷயம், நாங்க என்ன பண்றது?"ன்னு உள்ளே போயிட்டாங்க.

காஞ்சிபுரம் வந்தப்புறம், தெருவுல எந்த வீட்டுல பொம்பளை அலறினாலும் எங்கம்மா சுத்திக்கினு இருந்த பட்டு நூலை அப்படியே போட்டுட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டுவாங்க.

"எங்க வீட்டு விஷயத்தைக் கேக்க நீ யாரு?"ன்னு உள்ளேருந்து கத்துவாங்க.

"பக்கத்து வீடு"ம்பாங்க அம்மா. கதவு திறக்குற வரைக்கும் தட்டுவாங்க.

மேடையில ரெண்டு கையையும் கோத்துக்கினு நின்னா, கதவைத் தட்ட யாருக்குக் கை மிச்சம் இருக்கும்?