ஹார்பர் என்று எழுதியவள்

"ஆள் மூஞ்சியப் பாக்காம மிஷினு வேல குடுக்குமா? இன்னாமா கதை உட்டுகினு கீற?"

கம்ப்யூட்டரில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் அப்பா இப்படித்தான் கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வரிசையில் நின்று, மேஸ்திரியின் கண்ணில் பட்டு வேலை வாங்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம் முடித்து, எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டு வருடம் லாரிகளுக்கு கேட் சீட்டு எழுதினேன். அந்த யார்டை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம், மாடியில் இருந்தது பிரவுசிங் சென்டர். எழுத்து அழிந்த கீபோர்டு, கடகடவென்று சுற்றும் ஃபேன், வாசலில் குவிந்த செருப்புகள். இப்போது நினைத்தாலும் அந்த அறை இனிக்கிறது. அன்று இனிக்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நாற்காலியை விட்டு எழுவதற்குள் பதில் வந்துவிட்டது: உங்கள் தகுதி இந்தப் பணிக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் முறையும் அதே பதில், அதே வேகம்.

மூன்றாம் முறை கல்லூரித் தோழி ஒருத்தி என்னோடு வந்தாள். கொருக்குப்பேட்டைக்காரி, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஆபீசில் வேலை. என் பயோடேட்டாவைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, எங்க பாத்தாலும் ஹார்பர், ஹார்பர்னு? விளம்பரத்துல போர்ட்னுதான கீது?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உனக்கு ஒண்ணு. மொதல்ல பயோடேட்டாவப் பாக்குறது சாஃப்ட்வேருதான். அது உன் கதையப் படிக்காதுடி, விளம்பரத்துல கீற வார்த்தையத் தேடும். இல்லன்னா தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் போர்டு என்றால் கேரம் போர்டுதான். "நைனா ஹார்பருக்குப் போய்கீது" என்று சொல்லியே வளர்ந்தவள் நான். அவர் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்த கேட் பாஸ் இருக்கும். தலைத்துண்டை உதறினால் கோதுமைத் தூசு பறக்கும். அந்தச் சொல்லைப் பெருமையோடுதான் எழுதியிருந்தேன்.

அழிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு ஹார்பருக்குப் பக்கத்திலும் போர்ட் என்று சேர்த்தேன். கோடவுனுக்குப் பக்கத்தில் வேர்ஹவுஸ். அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை.

"வரலன்னா நல்லதுடி. மனுசங்க கைக்குப் போய்கீது" என்றாள்.

நான்காம் நாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வேலையும் கிடைத்தது.

சேர்ந்து இரண்டு மாதமாகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய பதினேழு சொற்களை, அவற்றுக்குக் கம்பெனி வைத்திருக்கும் சொற்களோடு ஒரே தாளில் டைப் செய்தேன். இவற்றையும் சாஃப்ட்வேரில் சேர்க்க வேண்டும் என்று கீழே எழுதி, நேற்று ஆள் எடுக்கும் பிரிவில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.