வகுப்புக்குப் போகாமலே பி.ஏ.

அறுபதுகளில் திருப்பூரிலிருந்து தினமும் ரயிலேறிக் கோவையில் பி.ஏ. படித்தேன். நங்கை, அதாவது என் அண்ணன் மனைவி, அடுப்படி வேலை போக மிச்ச நேரத்தில் படித்து, அதே பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதினார். ரிசல்ட் பேப்பரில் வந்தது. அவர் இரண்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு.

எனக்கு வயிறு எரிந்தது. "காலேஜ் வாசப்படி மிதிக்காதவங்களுக்கும் எனக்கும் ஒரே டிகிரியா?" என்று அம்மாவிடம் அவர் காதில் விழும்படியே கேட்டேன்.

நங்கை வெளியே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் அம்மிணி, கிளாஸ்ல உம்பக்கத்துல யாரு உக்காருவாங்க? மத்தியானம் எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடுவீங்களா?"

தோழிகளைப் பற்றிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கிவிட்டது.

"சந்தேகம்னா கேக்க எனக்கு ஒரு ஆளில்லை. நீ சீவிச் சிங்காரிச்சுக் கெளம்பறப்பெல்லாம் பொறாமையா இருக்கும். உம்மூஞ்சியப் பாக்காம உள்ளயே நின்னுக்குவேன்."

என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படுவார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் வாங்கிய மார்க்கை நினைத்தால் இன்றும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் கல்லூரியில் எனக்கு என்ன கிடைத்தது என்பதை, அது கிடைக்காத அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.