திறக்காத படங்கள்

என் சித்தப்பாவுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அங்கேயும் சரி, வீட்டிலும் சரி, உடனே பயன்படாத எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. பட்டால் நேரே குப்பைக்கூடைக்குத்தான். சித்தி ஜன்னலோரம் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியையே தூக்கிப் போட்டவர் அவர். "ரொம்ப நேரமா அங்கயே கிடந்துச்சு" என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் நல்ல கேமரா ஒன்று வாங்கினார். கடைக்காரர் எதையோ அமைத்துக் கொடுத்து, "இதை மட்டும் மாத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதன்படி ஒவ்வொரு படமும் கார்டில் இரண்டாகப் பதிவாகும். ஒன்று கம்ப்யூட்டரில் உடனே திறக்கும். இன்னொன்று அதைவிடப் பல மடங்கு பெரியது, என்ன செய்தாலும் திறக்காது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது எங்கள் சித்தப்பாவா? வாரம் தவறாமல் உட்கார்ந்து, "கேமரா போடுற குப்பை" என்று திறக்காததையெல்லாம் அழித்தார்.

என் அப்பா அவருக்கு அண்ணன். கேமராவைக் கண்டால் அப்பாவின் முகம் இறுகிவிடும். தன் கல்யாண ஆல்பத்திலேயே வழி தவறி வந்தவர் மாதிரிதான் நிற்கிறார். ஒரே ஒரு நாள், எங்கள் ஹாலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தபோது, தம்பி கேமராவின் மூடியைக் கழற்றாமலே "கொஞ்சம் சிரிங்கண்ணா" என்று கெஞ்சுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். சித்தப்பா அவசர அவசரமாக மூடியை எடுத்துவிட்டு அமுக்கினார். படத்தில் ஜன்னல் பளீரென்று இருந்தது. அப்பா கரிக்கட்டையாக இருந்தார்.

"மனுஷன் சிரிச்சதே அபூர்வம். அதையும் இருட்டுல எடுத்தாச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது. வாயின் இடப்பக்கம் மட்டும் திரும்பவில்லை. சிரித்தால் முகம் கோணியது. அதைக் கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒருநாள் தம்பியிடம் கேட்டார்.

"அன்னிக்கு ஜன்னல்கிட்ட எடுத்தியே, அதுல முகத்தைத் தெரிய வைக்க முடியுமாடா? முன்னெல்லாம் எப்படிச் சிரிச்சேன்னு பார்க்கணும் போல இருக்கு."

சித்தப்பா ஸ்டுடியோவுக்கு ஓடினார். "ரா ஃபைல் இருந்தா முகத்தை வெளிய கொண்டுவந்துடலாம் சார். அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு" என்றார் ஸ்டுடியோக்காரர். ரா என்றால் என்னவென்று கேட்க சித்தப்பாவின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்து சாஃப்ட்வேரை இறக்கினார். பழகிப் பார்க்க, கார்டில் கிடந்த புதுப் படங்களை உள்ளே இழுத்தார். எல்லாம் வெளுத்துச் சப்பென்று தெரிய, கெடுத்துவிட்டோமோ என்று பயந்தார். 'ஷேடோஸ்' என்று ஒரு பட்டை இருந்தது. அதை வலப்பக்கம் மெல்ல நகர்த்தினார். ஒரு படத்தில் கட்டிலுக்கு அடியில் கன்னங்கரேலென்று கிடந்த இடம் வெளுத்து, சித்தி வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஒற்றைச் செருப்பு தெரிந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அப்பாவுக்கு ஃபோன். "அண்ணா, ஞாயித்துக்கிழமை உங்க சிரிப்போட வரேன்."

ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் படத்தைத் திறந்தார். அதே பட்டையை நகர்த்தினார். கறுப்பு சாம்பலானது, சாம்பல் கட்டம் கட்டமாக உடைந்தது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. செருப்பு வந்த இடத்தில் அண்ணன் ஏன் வரவில்லை என்று இரண்டு படங்களின் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. செருப்பு இருந்தது திறக்காத ஃபைலில்; அதுதான் ரா. அந்த வாரம் சுத்தம் செய்யாததால் பிழைத்துக் கிடந்தது. அண்ணனுடையதை அவர் அழித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷேவ் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். கேமரா சரியில்லை என்று சித்தப்பா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கூசாமல் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லாததற்காக இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

"அண்ணா, முகம் வராது. கேமரா மேல தப்பில்ல. முகம் இருந்த ஃபைலை நான்தான் குப்பைன்னு அழிச்சிட்டேன்" என்றார்.

அப்பா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "அப்போ, அதுல என் முகம் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா. முழுசா இருந்துச்சு."

சித்தப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதை யாரும் வாங்கவில்லை.

"படத்துல விழவே இல்லன்னு நினைச்சிட்டிருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணலடா" என்றார் அப்பா. அந்த வாயை வைத்துக்கொண்டு இவ்வளவு நீளமாகப் பேசுவது அவருக்குச் சிரமம். நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.