என் கையில் பறந்த தட்டுகள்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு. விளிம்பு மெலிந்து, பாறைகளில் உரசி உரசி ஒரு பக்கம் சொரசொரப்பாகியிருக்கும். டிஸ்க் கோல்ஃப் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் தெரிகிறது. தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் முடிப்பவர் ஜெயிப்பார். ஆட்டம் அவ்வளவுதான். அந்த ஆரஞ்சுத் தட்டின் சொந்தக்காரர் மாதாப்பூர் அலுவலகத்தில் என் குழுவை நடத்தியவர். தமிழ் பேசும் நாங்கள் சிலர் அவரை லீட் அக்கா என்று கூப்பிடுவோம். மல்காஜ்கிரியில் ரயில்வே குடும்பத்தில் வளர்ந்தவர். வீட்டுத் தஞ்சாவூர்த் தமிழுக்கு நடுவே, அந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்பதற்கான நக்கோவும் ஆமாம் என்பதற்கான ஹவ்வும் தானாக வந்து விழும்.

ஞாயிறு காலைகளில் ஊருக்கு வெளியே, சீதாப்பழப் புதர்கள் மண்டிய ஒரு பாறை மேட்டில் விளையாடுவோம். முதல் கூடைக்குப் போகும் வழியில் பழைய கல்குவாரியின் பள்ளம், வருடம் முழுக்கத் தண்ணீர். அதைத் தாண்டி வீசக்கூடியவர் எங்களில் அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் சின்னச் சின்ன வீச்சுகளாகப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போவோம். அவர் பாறைமேல் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மெதுவா வாங்க, அவசரம் இல்ல" என்பார். அதில் கேலி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மேம்பாலத்தில் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. வலது தோள் உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். பல மாதங்கள் கழித்து, லேசாக வீசலாம் என்று பிசியோதெரபி செய்த பெண் சொல்லிவிட்டார். ஆனால் கை பழையபடி பின்னால் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை என் பையக் கொண்டு வரேன். ஆளுக்கு ரெண்டு தட்டு எடுத்துக்குங்க. எனக்கு இனிமே நக்கோ." வேறு பேச்சுக்கு அவரே மாறிவிட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதையும் பிரித்து, வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் மனம் அடங்கும். தட்டுகளில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். எவ்வளவு வேகம் கேட்கும், எவ்வளவு நேரம் மிதக்கும், முதலில் எவ்வளவு வலப்பக்கம் சாயும், வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் திரும்பும் என்பவை அவை. அக்காவின் ஆரஞ்சுத் தட்டு வேகக்காரர்களுக்கானது. வேகம் போதவில்லையென்றால் பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து விழும். அப்படியானால் கோளாறு அவர் ஆட்டத்தில் இல்லை, தட்டில்தான் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை தனியாகப் போய், கடன் வாங்கிய தட்டுகளையெல்லாம் பாதி வலுவில் வீசிப் பார்த்தேன். காற்றுக்கு எதிராக, காற்றோடு, குறுக்குக் காற்றில். நேராகப் போனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தபோது மூன்று தேறின.

மறுநாள் அவற்றை அக்காவிடம் நீட்டி, விவரம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. "என் கைக்காக இவ்ளோ கஷ்டப்பட்டியா?" என்று மட்டும் கேட்டு, முதல் தட்டை வாங்கினார். அது வலப்பக்கம் சாயவே இல்லை; நேராக எழும்பி, இடது பக்கம் திரும்பிப் புதருக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தண்ணீரின் விளிம்பில் விழுந்து, மெல்ல உள்ளே சறுக்கி மறைந்தது. எங்களோடு வந்திருந்த மதுரைக்கார டெவலப்பர், "ஏம்மா டெஸ்டர், அது நான் குடுத்த தட்டுல்ல?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து நேராத்தான் போச்சுங்க்கா. நான் மெதுவாத்தான் வீசினேன்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "உன் கைல போச்சு. 'என் லேப்டாப்ல ப்ரோக்ராம் நல்லா ஓடுதே'ன்னு இவன் சொன்னா நீ விடுவியா?"

"ஒரு நாளும் விட்டதில்ல, அக்கா. என்னைய நாயா அலைய விடுவா" என்றார் மதுரைக்காரர். இப்போது எல்லோருமே சிரித்துவிட்டோம், நானும்தான். என் பாதி வலு, பழுதில்லாத ஒரு தோளின் பாதி வலு. கையைப் பின்னுக்கு இழுக்க முடியாத ஒருவரின் முழு வலுவை அதிலிருந்து ஊகித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். அடுத்தவர் இப்படிச் சோதித்திருந்தால் மூன்று வரியில் குறை எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா தன் பையைக் கீழே கவிழ்த்தார். "உங்க பையெல்லாம் கொட்டுங்க. நீ போய் அந்தப் பாறை கிட்ட நில்லு. விழற இடத்தச் சொல்லு, அட்வைஸ் பண்ணாதே." அலுவலகத்தில் வேலை ஏவும் அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொன்றாக வீசினார். நான் இடம் சொல்ல, மதுரைக்காரர் ஓடிப்போய்ப் பொறுக்கிவந்தார். ஆரஞ்சுத் தட்டை ஒரே ஒரு முறை வீசினார். அது பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து விழுந்தது. "அது உனக்கு. உன் கைக்குச் சரியா வரும்" என்று என்னிடம் கத்தினார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது; போய் எடுத்துக்கொண்டேன்.

மதுரைக்காரர் தன் மனைவிக்காக வாங்கி, அவர் ஒரு முறைகூடத் தொடாத ரோஸ் நிறத் தட்டு ஒன்று குவியலின் அடியில் கிடந்தது. எடையே இல்லாதது. சனிக்கிழமை நான் வீசியபோது வலப்பக்கம் கவிழ்ந்து உருண்டு ஓடியதால் முதலிலேயே ஒதுக்கிவிட்ட தட்டு. அக்கா கையிலிருந்து அது கிளம்பியபோது, தோளை உயர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி வீசுகிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன். தட்டு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது, யோசித்தது போல நிமிர்ந்தது, பிறகு நேராக மிதந்து பள்ளத்துக்கு இந்தப் பக்கமே இறங்கியது. தண்ணீரைத் தாண்டவில்லை. தாண்டும் என்று அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்று நாங்கள் வேறு வேறு நிறுவனங்களில் இருக்கிறோம். யாருக்காவது தட்டு தேர்ந்தெடுக்க உதவும்போது நான் எண்களைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் அவர்களையே வீசச் சொல்கிறேன்.

அன்று அக்கா பள்ளத்தின் ஓரம்வரை நடந்து போய், ஈர மண்ணில் கிடந்த அந்தத் தட்டைக் குனிந்து எடுத்தார். துப்பட்டாவில் துடைத்தார். மதுரைக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"இது எங்க வாங்கினே? இன்னொண்ணு வேணும். இது என்னிக்காவது தண்ணில போயிடும்ல."